மாமனாரின் கால் சதை எங்கே போனது?

கேள்வி: நாங்கள் சேலம் அம்மாபேட்டை. மாமனாருக்கு 73 வயது, 40 வருஷத்துக்கு மேல் குழித்தறியில் நெய்தவர். 12 வருஷமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன ஐப்பசியில் நிமோனியா வந்து 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆள் பாதியாகிவிட்டார். 62 கிலோ இருந்தவர் இப்போது 58. தொடை, கெண்டைக்கால் எல்லாம் சுருங்கிவிட்டன, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார், பாத்ரூமில் ஒருமுறை விழுந்தும் விட்டார். எளிதில் செரிக்கட்டும் என்று கஞ்சி, இட்லி, ரசம் சாதம்தான் கொடுக்கிறோம். முட்டை சூடு, பருப்பு வாய்வு, தயிர் சளி, கடலை பித்தம் என்று அத்தை வேறு எதையும் கொடுக்க விடுவதில்லை. கொழுந்தனார் பெங்களூரிலிருந்து புரோட்டீன் பவுடர் டப்பா அனுப்பியிருக்கிறார். ஏற்காட்டிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்து சூப்பும் வைத்துப் பார்த்தோம். கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். அப்படித்தானா?
ஒரு மருமகள், அம்மாபேட்டை

பதில்: பாதி அப்படித்தான். மீதிப் பாதி உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும் மாமா உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலும் இருக்கிறது, அதனால் கை வைக்க நிறைய இடம் இருக்கிறது.

வயசுக்கு உரிய பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதைத் தாண்டியதும் எல்லாருக்கும் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வரும், அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகம் பிடிக்கும், சதை குறைவதைவிட வலு குறைவது இன்னும் சீக்கிரம். இதற்கு சார்கோபீனியா என்று பேர் வைத்ததே 1989இல்தான், இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்கர் வைத்தார். அமெரிக்காவில் இதை நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு கொடுத்துச் சேர்த்தது 2016இல். அதுவரைக்கும் உலகம் பூராவும் இதற்குப் பெயர் "வயசு". டாக்டர்கள் உட்படப் பலர் வாயில் இன்னும் அந்தப் பழைய பெயரே வருவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சில மாதத்தில் 4 கிலோ என்பது வயசின் வேலை இல்லை. 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சராசரி 67 வயது, எந்த நோயும் இல்லாத ஆட்கள், 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, காய்ச்சல் கிடையாது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. உங்கள் மாமாவுக்கோ காய்ச்சல், சர்க்கரை, வாய்க் கசப்பு, 9 நாள் படுக்கை. வீட்டுக்கு வந்தபிறகு கஞ்சி. படுக்கையில் போனதைத் திரும்பக் கட்டுவதற்கு வேண்டிய செங்கல் எதுவும் அந்தத் தட்டில் வரவே இல்லை.

சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை. கேட்காமல் 4 கிலோ இறங்கினால், அதாவது உடம்பு எடையில் 5 சதவீதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் போனால், ஏன் என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு, யூரியா கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், நிமோனியா வந்த நெஞ்சுக்குத் திரும்ப ஒரு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் உடம்பு தன் சதையைத்தானே எரித்துத் தின்னும், அப்போது நீங்கள் என்ன ஊட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்தான். கூடவே பி12, வைட்டமின் டி. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி பார்க்கிறது. குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நிதானம் தவறும். பாத்ரூமில் விழுந்ததற்கு அதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம். இன்னொன்றும் கேட்க வேண்டும்: கஞ்சியோ தண்ணீரோ குடிக்கும்போது இருமுகிறாரா, புரையேறுகிறதா? ஆமாம் என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சில பேருக்கு நிமோனியா அந்த வழியாகத்தான் வருகிறது.

சரி, தட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். காலையில் காப்பி, ரெண்டு ரஸ்க். அப்புறம் அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ. மத்தியானம் ரசம் சாதம், ஒரு டம்ளர் நீர்மோர். நாலு மணிக்குக் காப்பி, முறுக்கு. ராத்திரி ரெண்டு இட்லி. (காப்பி, ரஸ்க், ஜவ்வரிசி, மோர், முறுக்கு எல்லாம் நீங்கள் எழுதவில்லை, அம்மாபேட்டையில் இல்லாமல் இருக்காது என்று நானே சேர்த்துக்கொண்டேன்.) எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் கணக்குப்படி நல்ல உடம்புள்ள ஒருவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம், நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு அதற்கும் மேல் என்பதுதான் முதியோர் சத்துணவு பார்க்கிற வல்லுநர் குழுக்கள் சொல்வது. 58 கிலோவுக்கு 58 முதல் 70 கிராம். மாமா அதில் பாதிகூட சாப்பிடுவதில்லை. வயதாகிவிட்டது, கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சோறு குறையலாம், புரதம் குறையக்கூடாது. வயதான தசைக்குக் காது மந்தம் மாதிரி, இளவட்டத்துக்கு மெதுவாகச் சொன்னால் கேட்பதை இவர்களுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் பூராவும் 3 கிராம், 4 கிராம் என்று சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் அதன் காதில் விழாது. ஒரு வேளைக்கு 20, 25 கிராம் சேர்ந்தாற்போல் போக வேண்டும். ராத்திரி மட்டும் கோழிக்குழம்பு வைத்துவிட்டுக் காலையில் ரஸ்க் கொடுப்பதும் அதனால்தான் உதவாது.

சேலத்துக்காரர்களிடம் ஜவ்வரிசியைக் குறை சொல்வது கொஞ்சம் ஆபத்தான காரியம், நம்மூர் சேகோ ஃபேக்டரிகளால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் என்னிடமே வருகிறார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான், 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. கிழங்கை அரைத்து, கழுவி, படிய வைத்து, மாவுச்சத்தை மட்டும் பிரித்து எடுப்பதுதானே அந்தத் தொழிலே. வயிற்றுக்கு இதம் என்றால் ஒரு நாள் ரெண்டு நாள் சரி. மாதக்கணக்கில் அதையே கொடுப்பது, அதுவும் சர்க்கரைக்காரருக்கு, வேண்டாம்.

கஞ்சியை நிறுத்துங்கள் என்று சொன்னால் அத்தை என்னைத் தேடி வந்து சண்டை போடுவார். நிறுத்த வேண்டாம், உள்ளே இருப்பதை மாற்றுங்கள். ஒரு டம்ளர் பாலில் கேழ்வரகு மாவு கொஞ்சம், பொட்டுக்கடலைப் பொடி ரெண்டு மேஜைக்கரண்டி. பால் 6 கிராம், பொட்டுக்கடலை 4 கிராம். பார்க்க அதே கஞ்சி, அதே டம்ளர். கேழ்வரகு மட்டும் போதாதா என்று கேட்பார்கள், போதாது, அதில் சுண்ணாம்புச்சத்து நிறைய, புரதம் அரிசி அளவுதான்.

காலையில் ரெண்டு இட்லி இருக்கட்டும், கூட அவித்த முட்டை ஒன்று முழுசாக, இன்னொன்றில் வெள்ளைக்கரு. சாம்பாரை அடியிலிருந்து கலக்கி, பருப்பு கரண்டியில் வருகிற மாதிரி ஊற்றுங்கள். நம் வீடுகளில் பருப்பு அடியில் தங்கிவிடும், மேலாகத் தெளிந்தது பெரியவர்கள் தட்டுக்குப் போகும், அடிச்சாம்பார் கடைசியில் பிள்ளைகளுக்கு. மத்தியானம் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். வாரத்தில் மூன்று நாள் மீனோ கோழியோ, எலும்பில்லாமல் உள்ளங்கை அளவு, அதிலேயே 18, 20 கிராம் வந்துவிடும். கறி சாப்பிடாத நாளில் மீல்மேக்கர் காய்ந்தது 25 கிராம் எடுத்து வேகவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிக் குழம்பில் போடுங்கள், அது 13 கிராம். நாலு மணி முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், நன்றாகக் குழைய வேகவைத்தது. ராத்திரி பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை ரெண்டு, இல்லாவிட்டால் அடை, படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால். இப்படி ஓடினால் 60, 65 கிராம் தானாக வந்துவிடும். கையில் தராசு வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இப்போது அத்தையின் நாலு புகார்கள். எனக்கு அத்தை மேல் கோபமே இல்லை, அவர் சொல்வதில் ஒன்று முழு உண்மை. பருப்பு வாய்வு என்பது நிஜம்தான், மாதக்கணக்கில் ரசம் குடித்த குடலுக்குத் திடீரென்று ஒரு கிண்ணம் கடலைப்பருப்பு கொடுத்தால் ஊதத்தான் செய்யும், போதாததற்கு மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் பாசிப்பருப்பில் தொடங்குங்கள், ஊறவைத்து, பெருங்காயம், இஞ்சி, சீரகம் போட்டுக் குக்கரில் மசிய விட்டு, முதல் நாள் ரெண்டு கரண்டி, ரெண்டு வாரத்தில் ஒரு கிண்ணம். முட்டை சூடு என்றால் வாதாட வேண்டாம், காலை வேளையில் அவித்துக் கொடுத்துவிட்டு பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிடுங்கள், அத்தை கணக்கில் சூடு தணிந்துவிடும். நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்குப் பயந்தால் எப்படி! தயிரால் சளி வருவதில்லை, ஆனால் நிமோனியாவைப் பார்த்து மிரண்ட மனுஷியிடம் அதைச் சொல்லிப் பயனில்லை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று கொடுக்காமல், ராத்திரி கொடுக்காமல், மத்தியானத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கடலைக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, சட்னி. வறுத்த நிலக்கடலை 30 கிராம் அரைத்தால் 7 கிராம் புரதம், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும்போது யாருக்கும் பித்தம் ஞாபகம் வருவதில்லை.

பல்லைப் பார்த்தீர்களா? கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "அவருக்குக் கஞ்சிதாங்க இறங்குது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை வயிற்றில் இல்லை, கடைவாயில். கறியையும் சுண்டலையும் கண்டால் ஒதுக்குகிறார் என்றால் ஒரு டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ஆடுகிற பல், உடம்பு இளைத்ததும் தளர்ந்துபோன பல்செட், இதைச் சரிசெய்தாலே சாப்பாடு பாதி சரியாகும்.

முடவாட்டுக்கால் கிழங்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ரோட்டோரம் கூறு கட்டி வைத்திருப்பார்கள், பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், பாறையிலும் மரத்திலும் தொற்றி வளர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுச் சூடாகக் குடித்தால் நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். மலையில் மழை பெய்யும்போது அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதில் சதை வளர்க்கிற சரக்கு இல்லை, கால் மாதிரி இருப்பதால் காலுக்கு நல்லது என்பது கண்ணின் கணக்கு. நிஜ ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான், அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின் என்கிற பசைப்புரதம், தசை கட்டத் தேவையான எல்லாச் சத்தும் அதில் கிடையாது. குடிக்கட்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு பெரிய கிண்ணம் சூப் குடித்து வயிற்றை நிரப்பிவிட்டு அப்புறம் முட்டை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் அனுப்பிய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஒரு வேளைக்குச் சொன்ன அளவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை? 20க்கு மேல் புரதம் என்றால் அது வேலைக்கு ஆகிற பொருள், வாய் கசந்து சாப்பாடு இறங்காத நாளில் அரை அளவு பாலில் கலந்து கொடுக்கலாம். 7, 8 கிராம் புரதமும் மிச்சம் சர்க்கரையும் சாக்லேட் வாசமும் என்றால் அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கியிருக்கலாம், கொழுந்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எதுவானாலும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வராமல் டப்பாவைத் திறக்காதீர்கள். 12 வருஷச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. கிட்னி நன்றாகக் கெட்டுப்போய், டயாலிசிஸ் தொடங்காமல் இருக்கிறவர்களுக்கு நான் மேலே சொன்ன கிராம் கணக்கு எதுவும் பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொல்கிற அளவில்தான் சாப்பிட வேண்டும்.

இத்தனை சொன்னபிறகு, சாப்பாட்டு ஆலோசனை சொல்வதையே தொழிலாகச் செய்கிற நானே சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறும் சாப்பாட்டால் கால் திரும்பாது. 1994இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 87, நூறு பேரைப் பிரித்து, சிலருக்குக் கால் தசைக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு ரெண்டும், சிலருக்கு எதுவுமில்லை என்று பத்து வாரம் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. 87 வயதில்! மாமாவுக்கு 73தான்.

மாமாவுக்கு அந்தத் தொடை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குழிக்குள் காலை விட்டு நாளெல்லாம் மிதியை மாற்றி மாற்றி மிதித்தவர், ஒவ்வொரு முறையும் கையை ஊன்றாமல் அந்தக் குழியிலிருந்து எழுந்து மேலே வந்தவர். எந்த ஜிம்மும் அதற்கு ஈடில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன், எழுபது தாண்டியவர், அந்தச் சரிவில் நான் மூச்சு வாங்க அவர் முதுகில் சாக்கோடு பேசிக்கொண்டே போனார். மூன்று வருஷம் கழித்து அவரை மகன் கீழே சூரமங்கலத்துக்குக் கூட்டி வந்துவிட்டு என்னிடம் அழைத்து வந்தார், டவுன் பஸ் படி ஏற முடியவில்லை என்று. "ஒரு வேலையும் செய்ய விடறதில்லைங்க, உக்காந்த இடத்துக்கு எல்லாம் வந்துடும்" என்று பெருமையாகச் சொன்னார் மகன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள், விழுந்தவரை எப்படி நடக்க விடுவது என்று பயம். அதனால் முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலி, முதுகுப் பக்கம் சுவரில் முட்டியிருக்கட்டும். இருக்கையில் கெட்டியான தலையணை ரெண்டு. உயரமாக இருப்பதால் கை ஊன்றாமல் எழ வரும். எழுவது, நிற்பது, மெதுவாக உட்காருவது, தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் பாதிப் பலன். அஞ்சு முறை, கொஞ்சம் ஓய்வு, திரும்ப அஞ்சு, இன்னும் ஒரு அஞ்சு. ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள், அப்புறம் ரெண்டாவதை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, கெண்டைக்காலுக்கு. கூட ஒருவர் நில்லுங்கள், எழுந்ததும் தலை சுற்றினால் அன்றைக்கு வேண்டாம், பிரஷரைப் படுத்தும் நின்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கிங் நல்லது, சர்க்கரைக்கு நல்லது, ஆனால் சமதளத்தில் நடப்பதால் தொடைச் சதை திரும்ப வருவதில்லை. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி இந்த வாரமே போட்டுவிடுங்கள், அதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டாம்.

முன்னேற்றம் தெரிய எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள், சதை போய்க் கொழுப்பு ஏறினாலும் அது அதே எண்ணைத்தான் காட்டும். தையல்காரர் இஞ்சு டேப் ஒன்று எடுத்து, மாமா உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்காலின் பெருத்த இடத்தைச் சுற்றி அளந்து காலண்டரில் எழுதுங்கள். ஆசிய நாட்டவர்களுக்கு 2019இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே, பெண்களுக்கு 33க்குக் கீழே இருந்தால் தசை குறைகிறதென்று சந்தேகப்பட வேண்டும். கால் வீங்கியிருந்தால் டேப் ஏமாற்றும். இன்னொரு அளவு, நாற்காலியிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு அஞ்சு முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி. 12 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இப்போது மாமாவால் ஒருமுறைகூட முடியாமல் இருக்கலாம், அதுவும் ஒரு அளவுதான், எழுதி வையுங்கள். ரெண்டு மூன்று மாதம் தொடர்ந்து செய்தபிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அதற்கு முன்னால் டேப்பை எடுத்து எடுத்துப் பார்த்து மனசு சோர வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாமா சாப்பிடுவதைக் கஞ்சியிலிருந்து ரசம் சாதம் வரைக்கும் யோசித்து எழுத முடிகிறது, அத்தை என்ன சாப்பிடுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற சோற்றில் மோரை ஊற்றி, ஊறுகாயோடு நின்றுகொண்டே முடித்துவிடுகிற ஆளாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் அறுபத்தைந்து தாண்டியிருக்குமே. டேப்பைக் கையில் எடுத்ததுதான் எடுத்தீர்கள், அவர் காலையும் ஒருமுறை அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முட்டையை மூன்றாக வேகப்போடுங்கள்.